கோடு போடாத சுவர்

கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் துணியில் மூட்டை கட்டினேன். பிறகு அவிழ்த்து மேசையில் வைத்தேன். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் தவிர நான் அதைச் செய்வதில்லை என்பது வெந்தெலீனுக்குத் தெரியும். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையில் அதைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் போய் நின்றால், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் பதிலைப் படித்துவிடுவான். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது ரொட்டி முந்திக்கொண்டு சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டினேன். ஒரு பாதி அலமாரிக்குள் போனது, இன்னொரு பாதி பைக்குள் போனது.

அவன் எழுதியனுப்பிய காகிதம் ஒரு வாரமாகச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. சுண்ணாம்பு மூட்டையிலிருந்து கிழித்த பழுப்புக் காகிதம். "யோலானா, இந்த மாதத்தோடு கோட்டையில் வேலை முடிகிறது. சனிக்கிழமை ஜனங்களுக்குத் திறந்து காட்டுகிறோம். வந்து என் சுவரைப் பார். பார்த்துவிட்டு, நான் வீட்டுக்குத் திரும்பி வரலாமா, கூடாதா என்று சொல். கூடாது என்றால் இன்னொரு தடவை கேட்க மாட்டேன்." கீழே கையெழுத்துகூட இல்லை. இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குக் கையெழுத்து எதற்கு என்று நினைத்திருப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய துணிமணிகளை இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்தவள் நான்தான். குடி என்று ஊர் சொன்னது. குடி இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் குடிக்கிறவனையெல்லாம் வாசலில் வைத்தால் தெருவில் வண்டி போக இடம் இருக்காது. நான் அவனை வெளியே அனுப்பியது வேறு ஒன்றுக்காக. அதை ஊருக்குச் சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன்.

வெளியே ஹெர்மீனா வந்துவிட்டாள். மூன்றாவது வீட்டுக்காரி, அறுபத்திரண்டு வயசு, இரண்டு முட்டியும் போனவள். ஆனால் ஊரில் ஒரு காரியம் நடந்தால் முட்டி வலி எங்கே போகுமோ தெரியாது.

"என்னடி, கோட்டைக்கு அப்படியே நல்ல கோட்டு போட்டுக்கிட்டு வர்ற? மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

"குளிருமேன்னு போட்டேன்."

"ஆமாமா, குளிரும். பையில என்ன வாசனை?"

"ரொட்டி. பாதிதான்."

அவள் பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். "பாதி ரொட்டின்னா பாதி சம்மதமா? மேல் பாதி சம்மதமா, கீழ் பாதி சம்மதமா? அதைத் தெளிவாச் சொல்லிடு, பாவம், அவன் வேற எதையாவது நெனச்சுக்கப் போறான்."

நான் கோபமாகப் பார்த்தேன். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

எங்கள் ஸ்லோவாக்கியாவில் உச்சியில் ஒரு இடிந்த கோட்டை இல்லாத மலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊர் மலையில் இருப்பது காக்கைக் கோட்டை. மற்ற கோட்டைகளில் ஏதாவதொரு சீமாட்டி காதலுக்காகக் கோபுரத்திலிருந்து குதித்திருப்பாள். எங்களுடையதில் அப்படி யாரும் குதிக்கவில்லை. கூரை ஒழுகியது, சீமான் பள்ளத்தாக்கில் வசதியாக ஒரு மாளிகை கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான், ஜனங்கள் இருநூறு வருஷமாகக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து பன்றித்தொழுவம் கட்டினார்கள். எங்கள் வீட்டு நிலவறைப் படிக்கட்டில்கூட இரண்டு கல் அங்கேயிருந்து வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் தினமும் அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேனே ஒழிய ஏறவில்லை. யாருக்கு நேரம் இருந்தது? பள்ளிச் சமையலறையில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்து மலை ஏறுகிறவள் யார்?

பாதை பீச் மரமும் ஓக்கும் கலந்த காட்டுக்குள் போனது. காய்ந்த இலை கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. வழி காட்ட மரத்துக்கு மரம் சிவப்புப் பட்டை தீட்டியிருந்தார்கள். உச்சிக்குப் பக்கத்தில் பட்டை இரண்டாகப் பிரிந்து, கோட்டைக்குப் போகிற பக்கம் இடிந்த சுவர் மாதிரி ஒரு மூலை வளைந்த குறி. ஹெர்மீனா ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தாள். பெஞ்சு இல்லாத இடத்தில் விழுந்த மரத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா ஒரு சொட்டு தொடலடி அவன்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "என் கண்ணால பாத்தேன். என் தம்பி வீட்டுக் கல்யாணத்துல பிளம் சாராயம் ஓடுது, இவன் எலுமிச்சைத் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான், செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி."

"தெரியும்."

"அப்புறம் என்ன யோசனை?"

நான் பையைக் கை மாற்றிக்கொண்டேன். அந்தத் தூண் விஷயத்தை எனக்கு வந்து சொன்னவளே இவள்தான். மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அது நடந்து பல வருஷம் இருக்கும். அப்போது வெந்தோ (வெந்தெலீனை ஊரே அப்படித்தான் கூப்பிடும்) ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. நான் என் தங்கை பிரசவத்துக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். வீடு அப்படியே இருந்தது. தரை துடைத்து, பாத்திரம் கழுவி, எனக்காகச் சூப்புகூட வைத்திருந்தான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஹெர்மீனா பேச்சுவாக்கில், "உங்க ஆளு காரைக் கொண்டுபோய் வாசல் தூணுல விட்டானே, அந்த வாரம்தானே என் கோழியும் செத்துச்சு," என்றாள். எந்தத் தூண் என்று கேட்டேன். எங்கள் வாசல் தூண். தரைமட்டமாகப் போயிருந்ததாம். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மாமனார் காலத்துத் தூண், விரிசலும் பாசியும் அப்படியே. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டான். பழைய கல்லையே பொறுக்கி, பழைய விரிசலை நினைவில் வைத்து அதே இடத்தில் கீறி, பாசி பிடிக்க ஆட்டுப்பாலைத் திரித்து வடித்த தண்ணீரைப் பூசியிருக்கிறான். ஐந்து நாளில். சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. உடைக்கிறவனோடு குடித்தனம் நடத்தலாம், உடைந்ததைப் பார்த்து அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இவன் உடைத்ததே தெரியாமல் ஒட்டுகிறவன். சுவரை மட்டும் இல்லை, பேச்சையும் அப்படித்தான். எங்கே போனாய் என்றால் பதில் தயாராக இருக்கும், அதில் ஒரு இடுக்கு இருக்காது. சாப்பிடும்போது, தூங்கும்போது, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இதில் எது முதலிலிருந்தே இருந்தது, எது இவன் பூசியது என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். கடைசியில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால்தான் அட்டைப்பெட்டி.

வாசல் வளைவைத் தாண்டி உள்முற்றத்துக்குள் நுழைந்தபோது எனக்கே மூச்சு நின்றுவிட்டது. ஏற்றத்தினால் மட்டும் இல்லை. சின்ன வயசில் பார்த்தபோது முள்ளும் பாம்பும் மண்டிக் கிடந்த இடம். இப்போது புல் வெட்டியிருந்தார்கள். கோபுரத்தின் ஒரு பக்கம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. கிணற்றுக்கு இரும்பு வலை. நடுவில் நெருப்பு மூட்டி நாலைந்து பேர் குச்சியில் பன்றிக் கொழுப்புத் துண்டைக் குத்தி வாட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் இடிந்த படிகளில் ஏறி இறங்கின. சுண்ணாம்பு வாசனையும் புகை வாசனையும் கலந்து வந்தது. கீழே எங்கள் ஊர் தெரிந்தது, என் வீட்டுக் கூரையும் தெரிந்தது. இத்தனை நாளும் இவன் மேலேயிருந்து என் அடுப்படிப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெந்தோ சலவைச் சட்டை போட்டிருந்தான். முடி நரைத்து, கன்னம் உள்ளே போய், ஆனால் கண் தெளிவாக இருந்தது. ஹெர்மீனாவைக் கட்டிப்பிடித்து விசாரித்தான். என்னிடம் கைகூட நீட்டவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வந்துட்ட," என்றான்.

"சுவர் பாக்க வரச் சொன்ன. வந்தேன்."

"வா."

கோட்டையின் தெற்குப் பக்கம், ஒரு காலத்தில் பெரிய கூடம் இருந்த இடம். அங்கேதான் அந்தச் சுவர். மூன்று ஆள் உயரம், இருபது அடி நீளம், நடுவில் கூர்வளைவு ஜன்னல். ஜன்னலின் இரண்டு பக்கமும் சுவருக்குள்ளேயே உட்காரக் கல் இருக்கை. அதன் வழியாகப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. எனக்குக் கட்டட வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அழகு என்றால் அழகுதான், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. நெருப்பு பட்டுச் சிவந்த கல், மழை அரித்த கல், நடுநடுவே பாசி. எழுநூறு வருஷமாக யாருடைய உதவியும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். வெயில் பட்டுக் கதகதவென்று இருந்தது.

"கண்டுபிடி பாப்போம்," என்றான் வெந்தோ. "எது பழசு, எது நான் கட்டினது?"

சின்னப் பையனைப் போலக் கேட்டான். கல் கல்லாகப் பார்த்தேன். இது புதுசு என்று ஒன்றைக் காட்டினேன். அது பழசு என்றான். இது பழசு என்றேன். சிரித்தான். ஹெர்மீனாவும் விளையாட்டில் சேர்ந்துகொண்டு நாலு கல்லைக் காட்டினாள், நாலும் தப்பு. சுற்றி நின்ற ஒன்றிரண்டு பேர் கை தட்டினார்கள். அப்போதுதான் பாசியை நகத்தால் கீறிப் பார்த்தேன். மெல்லிய புளிப்பு வாடை வந்தது. ஆட்டுப்பால் தண்ணீர். கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

"நல்லா இருக்கு," என்றேன்.

"அவ்வளவுதானா?"

"பொறு, வெந்தோ. இப்பத்தானே வந்தேன்."

ரொட்டியை ஹெர்மீனா எடுத்து வெளியே வைத்து, என்னைக் கேட்காமலேயே துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாள். வெந்தோவுக்கும் ஒரு துண்டு போனது. அவன் அதை வாயில் வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் தொல்பொருள் காப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஹவ்ரனோவா என்று பெயர், அங்கே இஞ்சினியர். முப்பத்தைந்து வயசு இருக்கும். சேற்றுப் பூட்ஸ், முதுகில் பை, கையில் சுருட்டிய வரைபடம். கூட சிரில் வந்தார். அவர் எங்கள் பள்ளியில் சரித்திர வாத்தியார், கோட்டை வேலைக்கெல்லாம் தலைவர், கோடை முழுக்க இங்கேயே கிடப்பவர். வருஷக் கடைசியில் அந்தப் பெண் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை. சிரில் அதை நினைத்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவரைப் பார்த்ததும் நின்றாள். பக்கத்தில் போனாள், தள்ளி வந்தாள். டார்ச்சை எடுத்துச் சாய்வாக அடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல வேலை, மேஸ்திரி," என்றாள். "நான் பாத்ததுலயே இதுதான் சிறப்பு. ஆனா கோடு எங்க?"

கோடு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், கோட்டையில் ஒரு வாரம் கல் சுமந்த பிள்ளைக்கும் தெரியும். பழைய சுவர் எங்கே முடிகிறதோ அங்கே உடைந்த சிவப்பு ஓட்டுச் சில்லுகளை ஒரு வரிசையாகப் பதிக்க வேண்டும். அதற்கு மேல்தான் புதுக் கல். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கத்தில் போனால் தெரியும். இருநூறு வருஷம் கழித்து வருகிறவன்கூட, இது அவர்கள் விட்டுப்போனது, இது நாம் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கலாம். கோபுரத்தில் இருந்தது, வாசல் வளைவில் இருந்தது. நான்கூட வரும்போது பார்த்தேன். இந்தச் சுவரில் இல்லை.

அந்தச் சுவரை முழுக்க அவன் பொறுப்பிலேயே விட்டிருந்த சிரில் வெந்தோவைப் பார்த்தார். வெந்தோ கையில் இருந்த ரொட்டித் துண்டை ஜன்னல் கல்லில் வைத்தான்.

"இருக்கு, இஞ்சினியரம்மா," என்றான். "கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுட்டேன். சாந்து மூடிடுச்சு, மேல பாசியும் வந்துடுச்சு. இந்த மழை வருஷத்துல பாசி என்னமா வளருது பாருங்க. சிக்கல் என்னன்னா, இப்பச் சுரண்டினா ஈரத்துல சாந்து பெயரும். வசந்தத்துல காஞ்சதும் நானே சுரண்டிக் காட்டிடறேன்."

நிதானமான குரல். ஒரு இடுக்கு இல்லை. காரணம், அதற்கு ஒரு காரணம், கடைசியில் ஒரு வாக்குறுதி. எனக்கு அந்தக் குரல் தெரியும். இருபத்தாறு வருஷம் அந்தக் குரலைக் கேட்டபடிதான் சமைத்தேன், துணி துவைத்தேன், தூங்கினேன்.

"அப்படியா," என்றாள் அந்தப் பெண். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு நன்றாகக் கட்டியவனை ஏன் சந்தேகப்பட வேண்டும்? "சரி, வசந்தத்துல பாத்துக்கலாம்." பேனாவைத் திறந்து காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டாள். சிரில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை, சுவரும் அழகாக நிற்கிறது.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"ஹெர்மீனா, கிளம்பலாம்."

"என்னடி, இன்னும் கொழுப்புத் துண்டே வேகல."

"நீ இருந்து சாப்பிட்டுட்டு வா. நான் இறங்குறேன்."

வெந்தோ என்னைப் பார்த்தான். எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு வருஷம் சொட்டுத் தொடவில்லை, கன்னம் ஒட்டிப்போக உழைத்திருக்கிறான், சட்டையைச் சலவை செய்து போட்டுக்கொண்டு நிற்கிறான், எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்தக் குரல் அப்படியே இருக்கிறதே என்று நினைத்தபோது தாங்கவில்லை. முற்றத்தைத் தாண்டி நடந்தேன். வாசல் வளைவுக்குப் பக்கத்தில் வந்திருப்பேன்.

"இஞ்சினியரம்மா, எழுதாதீங்க."

நான் திரும்பவில்லை. நின்றேன்.

"கோடு இல்ல. நான் வைக்கல."

நெருப்புப் பக்கம் இருந்தவர்கள்கூட எழுந்து சுவர்ப் பக்கம் போனார்கள்.

"வைக்கலன்னா? இப்ப இருக்குன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

"எதுக்கு? ஓடு இல்லையா? ஒரு மூட்டை சில்லு கிணத்துப் பக்கம் கிடக்குதே."

"ஓடெல்லாம் இருந்துச்சு. வைக்கத்தான் இருந்தேன். முதல் சில்லைக் கையில எடுத்தேன். வச்சா எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்னு தோணுச்சு, எவ்வளவு விழுந்து கிடந்துச்சுன்னு. தெரியாம இருந்தா நல்லா இருக்குமேன்னு..." அவன் நிறுத்தினான். "என் கை அப்படிப் பழகிடுச்சு, இஞ்சினியரம்மா."

சிரில் தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவன் இதைச் சொல்லியிருப்பானா? எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை தெரியாது. அவனைக் கேட்டாலும் அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. பேனாவை மூடினாள். பையிலிருந்து ஒரு சிவப்புச் சாக்குக்கட்டியை எடுத்து நீட்டினாள். "எங்க இருந்து எங்க வரைக்கும்னு ஞாபகம் இருக்கா, மேஸ்திரி?"

"ஒவ்வொரு கல்லும் ஞாபகம் இருக்கு."

"அப்ப போடுங்க. மீதியை அப்புறம் பேசுவோம்."

நான் திரும்பி வந்தேன். கோபுர நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஹெர்மீனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அவளும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏணியைச் சாய்த்து அவன் மேலே ஏறினான். எல்லோரும் மேல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சியில் நாலைந்து வரிசை புதுசாக இருக்கும், ஜன்னல் வளைவு புதுசாக இருக்கும் என்று என் கணக்கு. அவன் ஜன்னல் வளைவுக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியை வைக்கப்போய், வேண்டாமென்று எடுத்துவிட்டு, ஒரு படி இறங்கினான். இன்னொரு படி இறங்கினான். கடைசியில் ஏணியை விட்டே இறங்கி, சுவரின் இடது ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். முட்டி உயரத்தில் கோடு தொடங்கியது.

அங்கேயிருந்து கல்லைச் சுற்றிச் சுற்றிக் கோடு போனது. ஒரு இடத்தில் இடுப்பு வரைக்கும் ஏறியது, உடனே தரைக்கு இறங்கியது. இடது இருக்கையை வெளியே விட்டது, வலது இருக்கையில் கால்வாசியை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது. ஜன்னலின் ஒரு பக்கம் ஒற்றை நிலைக்கல் பழசு. அதைச் சுற்றித் தனியாக ஒரு வட்டம் போட்டான், தண்ணீருக்கு நடுவில் தீவு மாதிரி. எங்கேயும் தயங்கவில்லை, அழிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கொழுப்புத் துண்டுகள் கருகியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. முடித்துவிட்டு அவன் எழுந்து தள்ளி நின்றபோது, அந்த இருபது அடிச் சுவரில் பழசு என்று இருந்தது ஒரு குட்டிச்சுவர், ஒரு நிலைக்கல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவன்.

"இவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இவ்வளவுதான்."

ஹவ்ரனோவா கோடு நெடுகப் படம் எடுத்தாள். வசந்தத்தில் இந்தக் கோட்டின்மேல் சாந்தைக் கொத்தியெடுத்துச் சில்லு பதிக்க வேண்டும், அதுவரை வேலை ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று எழுதுவேன், அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்பதை மேலே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். சிரில் தலையை ஆட்டினார். வெந்தோவும் ஆட்டினான். போகும்போது அவள் சுவரை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான் நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்கன்னு தெரியுது, மேஸ்திரி," என்றாள். அவன் அதைக் கேட்டானோ இல்லையோ.

அவன் என்னிடம் வந்தான். சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்புப் பொடி. எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்தான். வரலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ. ஹெர்மீனா முட்டியைத் தடவிக்கொண்டே எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் கிணற்றுப் பக்கம் போனாள். அந்தக் கிணற்றில் தண்ணீர் கிடையாது.

"நம்ம வீட்டுல," என்றேன். கிணற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். "நம்ம வீட்டுல எனக்குத் தெரியாம இன்னும் எத்தனை இடம் இருக்கு?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு," என்றான்.

"எத்தனை?"

"எண்ணினதில்ல, யோலா."

பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், இரண்டு பேருக்கும். எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இருபத்தாறு வருஷம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் நடந்தவள் நான்தானே, எனக்கு எப்படித் தெரியாமல் போனது? கீழே ஊரில் யாரோ விறகு அறுக்கும் சத்தம் மேலே வரைக்கும் வந்தது. நான் எழுந்து மேல்கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில வா," என்றேன். "பெட்டியோட வராத. அந்தச் சாக்குக்கட்டியோட வா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது ஹெர்மீனா பாதி வழி வரைக்கும் பொறுத்தாள். பிறகு தாங்க முடியாமல், "என்னடி சொன்ன அவன்கிட்ட?" என்றாள். காபிக்கு வரச் சொன்னேன் என்றேன். பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்து முடிந்தபோது அவன் வந்தான். நேற்றைய சட்டையேதான், துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். கையில் பை இல்லை, சாக்குக்கட்டி மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, திரும்பாமலேயே, "ஆரம்பி," என்றேன்.

முதலில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால், என் இடுப்பு உயரத்தில், ஒரு தட்டு அளவுக்கு வட்டம் போட்டான். இது எப்போ என்று கேட்டேன், சொன்னான். பிறகு நிலவறைப் படிக்குப் பக்கத்தில் நீளமாக ஒன்று. அது எப்போ என்றேன், அதையும் சொன்னான். நடைபாதையில் கண்ணாடி மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே ஒன்று போட்டபோது கேட்பதை நிறுத்திவிட்டேன். அவனாகவே ஒவ்வொன்றுக்கும் வருஷத்தைச் சொல்லிக்கொண்டே போனான், தாழ்ந்த குரலில், காரணம் சேர்க்காமல். பிறகு வருஷம் சொல்லும் குரலும் நின்றுவிட்டது.

இரண்டு கோப்பையில் காபி ஊற்றி மேசையில் எதிரும் புதிருமாக வைத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆவி அடங்கியது, மேலே ஆடை படிந்தது. படுக்கையறையில் சாக்குக்கட்டி சுவரில் உரசிக்கொண்டே போகும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.